பிளக் பாயிண்டும் பைரவியும்

சங்கீதம் பாடுகிறவரின் தொண்டையில் பிறக்கிறது என்றொரு கருத்து நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அது பிழை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சோபாவுக்குப் பின்னால், ஒட்டடை மூடிக் கிடக்கும் மூன்று துளைகளில்தான் அது பிறக்கிறது என்று ஆடியோ பித்தர்களில் ஒரு சாரார் நிறுவியிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரை மாற்றியாயிற்று, ஸ்பீக்கரை மாற்றியாயிற்று, வயரைப் பாம்பு கனத்துக்கு வாங்கியாயிற்று; மிச்சமிருப்பது சுவர். ஆகவே பிளக் பாயிண்டை மாற்றுக என்பது அவர்கள் துணிபு. இத்துணிபைத் திருவனந்தபுரம் கரமனையில், நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சோதித்ததன் விளைவே இக்கட்டுரை.

முன்னோர் கருத்தைத் தொகுத்துரைப்பது ஆய்வு மரபு. இந்நகரின் மின்சாரத்தைப் பற்றித் தமிழில் பேச முழுத் தகுதி உடையவர் நீல பத்மநாபன். கேரள மாநில மின் வாரியத்தில் பொறியாளராக இருந்துகொண்டே நாவல்கள் எழுதியவர். ‘மின் உலகம்’ என்றே ஒரு நாவல் அவருக்கு உண்டு. அவர் மின்சாரத்தை உற்பத்திப் பக்கத்திலிருந்து கண்டவர். இக்கட்டுரையாளனின் புலமை சோபாவுக்குப் பின்புறத்தோடு நின்றுவிடுகிறது என்பதை அவையடக்கமாகச் சொல்லி மேலே செல்கிறேன்.

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929-இல். 1940-இல் மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1976-இல் இடுக்கி. குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கு நடுவே வில்லாக வளைந்த அணை. மூலமற்றத்தில் மலையைக் குடைந்த நிலையத்துக்குள் 130 மெகாவாட் வீதம் ஆறு இயந்திரங்கள். நண்பரின் முதற்கோட்பாடு இங்கிருந்துதான் புறப்படுகிறது. நீரில் பிறந்த மின்சாரத்துக்குத் தெளிவு உண்டு, நிலக்கரியில் பிறந்ததற்குக் கனம் உண்டு, கூடங்குளத்து அணு மின்சாரத்தில் மேல் ஸ்தாயி சற்றே கூசும் என்பார். பருவமழை நன்றாகப் பெய்து அணை நிரம்பிய ஆண்டுகளில் வயலின் இனிமையாகக் கேட்டதாகவும் அவரிடம் குறிப்பு இருக்கிறது.

இக்கோட்பாட்டுக்கு இரண்டு தடைகள். ஒன்று, 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்தடம் வழியே தென்னகத்துக் கட்டமைப்பு நாட்டின் பிற பகுதியோடு இணைந்துவிட்டது. அன்றுமுதல் கரமனையிலுள்ள டியூப் லைட்டும் காஷ்மீரத்திலுள்ள டியூப் லைட்டும் ஒரே தாளத்துக்குத் துடிக்கின்றன. கேரளம் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கவும் செய்கிறது. எந்தச் சொட்டு எந்த அணையுடையது என்று பிரித்தறிவது பிரம்மாவுக்கும் ஆகாது.

இரண்டாவது தடை இன்னும் கொடியது. மாறுமின்னோட்டத்தில் எலக்ட்ரான் எங்கும் பயணம் போவதில்லை. விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடும்போது அந்த ஆட்டத்தின் வீச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது, நண்பரின் கூடத்துச் சுவரிலுள்ள எலக்ட்ரான்கள் வயரிங் செய்த அன்று கம்பியோடு வந்தவை. அவை இடுக்கியைக் கண்டதில்லை. கரமனை ஆற்றையே கண்டதில்லை. இதைச் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்போ அதுகளையும் மாத்தணும்” என்றார்.

இனிச் சுருதி ஆராய்ச்சி. இதுவரை யாரும் கவனிக்காத துறை என்பதால் சற்று விரித்துரைப்பேன். எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர் ஒரு முனகல் தரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முனகலில் அதன் மடங்குகளாகிய 100, 200 எல்லாம் ஒலிக்கும். 200 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைச் சுருதிக்கு ஒரு மயிரிழை மேல். பெண் குரலுக்கு ஏற்ற சுருதி. ஆக, அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் அணையாத தம்புரா ஒன்றை மீட்டர் வாடகையிலேயே வழங்கியிருக்கிறது என்பது பெறப்படும். ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடும்போதுதான் இது அபஸ்வரம். எனவே முனகலை நீக்க எர்த்தைச் சரிசெய்வது ஒரு வழி. எப்போதும் ஐந்து கட்டையில் பாடும் அம்மையாரையே கேட்பது மற்றொரு வழி. பின்னதற்கு வயர்மேன் வேண்டாம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் ஆகையால் அங்கே சுருதி ஒன்றரைக் கட்டை சொச்சம் கூடும். அங்கு வாழும் தமிழர் வீட்டுக் கொலுக்களில் குழந்தைகள் திணறுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம், மேலாய்வுக்குரியது.

அமெரிக்கா என்றதும் சாதனத்துக்கு வருவோம். அந்நாட்டில் மருத்துவமனைகளுக்கென்று பிடி இறுகிய பிளக் பாயிண்ட் உண்டு. முகத்தில் பச்சைப் பொட்டு இருக்கும். நோயாளியின் கருவி கால் தட்டிக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. அதை ஆடியோ அன்பர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கென்றே தனிக் கம்பெனிகள் முளைத்தன. ரோடியம் பூசியது ஒன்று. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் ஊறவைத்தது ஒன்று. இருநூறு டாலரைத் தாண்டும் வகைகளும் உண்டு. ரோடியம் செம்பைவிட மோசமான மின்கடத்தி என்பதைப் பக்தர்களிடம் சொல்லக் கூடாது. ஜப்பானில் ஒரு முதிய வழக்கறிஞர் இதோடும் நில்லாமல், தம் வீட்டுக்கென்று தனி மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நட்டுக்கொண்டதை 2016-இல் பத்திரிகைகள் எழுதின. அவரோடு ஒப்பிட்டால் நம் நண்பர் துறவி.

துறவி தருவித்த அமெரிக்கச் சாதனத்தை வயர்மேன் கையில் வாங்கினார். திருப்பினார். அதன் முதுகில் பொறித்திருந்த ‘125 வோல்ட்’ என்ற எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். நம் சுவரில் இருப்பது 230. துளைகளோ தட்டை; நம்முடைய பின்கள் உருண்டை. ஒன்றும் சொல்லாமல் அதை நண்பர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இத்துறையில் நான் கண்ட மதிப்புரைகளில் செறிவானது இது.

ஆகவே சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். ஆ. மாதவன் கடை வைத்திருந்து, அங்கு வந்துபோனவர்களையெல்லாம் தமிழ்க் கதைகளில் ஏற்றிய அதே தெரு. எலக்ட்ரிகல் கடை அண்ணாச்சி, ஆறு துளையுள்ள பதினாறு ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றை எடுத்து, அதில் ஒரு த்ரீ பின் பிளக்கை அழுத்தி, வயரைப் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டார். பாயிண்ட் ஆடியது, விழவில்லை. “இவ்வளவுதான் சார் பார்க்கணும். பிடி இருக்கணும், எர்த் இருக்கணும். சத்தம் நல்லா வரணும்னா நல்ல ஸ்பீக்கரா வாங்குங்கோ” என்றார்.

அண்ணாச்சி சொன்னதை எண்களால் நிறுவலாம். மீட்டரிலிருந்து கூடம்வரை இருபது மீட்டர், ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு என்று கொள்க. போக வர அதன் தடை ஏறக்குறைய அரை ஓம். நல்ல பிளக் பாயிண்டின் தொடுமுனைத் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. வெளியே தெருவில் அலுமினியக் கம்பி. அதற்கப்பால் மழையில் நனைந்த டிரான்ஸ்ஃபார்மர். தவிர, ஆம்ப்ளிஃபயர் உள்ளே போன மாறுமின்னோட்டத்தை அப்படியே பாடவிடுவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, டயோடில் நேராக்கி, கெப்பாசிட்டரில் தேக்கிய பிறகுதான் பாட்டுக்குப் பயன்படுத்துகிறது. ஆனால் பழைய பாயிண்டை மாற்ற நியாயம் இல்லாமலும் இல்லை. கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் பித்தளை கறுத்து, பிடி தளர்ந்து, உள்ளே பொறி பறந்தால் ஸ்பீக்கரில் படபடவென்று கேட்கும். சமயத்தில் சுவரும் கருகும். அந்த அளவில் பித்தர்கள் சொல்வது முழு உண்மை. அதற்கு அண்ணாச்சி கடைச் சரக்கே போதும்.

இனிச் சோதனை. எடுத்துக்கொண்டது ஸ்வாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகளில் ஐந்தாம் நாளுக்குரிய பைரவி, ‘ஜனனி மாமவ’. பாடியவர் செம்மங்குடி. இக்கீர்த்தனைகள் இந்நகரின் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் பாடப்படுபவை. அங்கே மேற்கூரையில் கவிழ்த்துக் கட்டிய மண்பானைகள் ஒலியைச் செம்மை செய்வதாகச் சொல்வார்கள். பானைக்கு பிளக் பாயிண்ட் தேவைப்படாததால் இதற்கு மேல் அதைப் பற்றி இவ்வாய்வில் பேச இடமில்லை.

புதிய பாயிண்டில் பாட்டு தொடங்கியது. நண்பர் கண்ணை மூடினார். செம்மங்குடியின் கரகரப்பு பாதி குறைந்துவிட்டது என்றார். குறைந்தால் அது செம்மங்குடியா என்று கேட்டேன், பதிலில்லை. ஸ்வரப் பிரஸ்தாரம் வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. “கேட்டேளா? இப்போ வந்துடுத்து. இடுக்கித் தண்ணியோட தெளிவு!” என்று தொடையில் தட்டினார்.

உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. “ஏன்னா, கரண்டு போய் எவ்வளவு நேரமாச்சு! கிரைண்டர்ல மாவு பாதில நிக்கறது. நீங்க அங்க பைரவி கேட்டுண்டிருக்கேள்!”

போய்ப் பார்த்தால், கிரைண்டரில் ஈரம் கசிந்து, மின்கசிவு கண்டால் அணையும் ஈ.எல்.சி.பி. விழுந்துகிடந்தது. கூடத்து பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால் பாட்டு மட்டும் நிற்கவில்லை. நண்பர் கண்ட தெளிவு தண்ணீரின் தெளிவுதான்; பாட்டரியில் ஊற்றிய டிஸ்டில்டு வாட்டர். இம்முடிவை அவர் ஏற்கவில்லை. பிடி இறுகிய பாயிண்ட் இல்லாவிட்டால் பாட்டரியின் குணம் வெளிப்பட்டிருக்குமா என்று எதிர்வாதம் வைத்தார். அறிவியலில் இதற்கு விடையில்லை.

இறுதியாக ஒரு பக்க விளைவு. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திருவனந்தபுரத்து மதியங்களில், கிழக்கே மலைப்பக்கம் கறுத்து முதல் இடி உருண்டதும், வீட்டிலுள்ள பெண்கள் அறை அறையாகப் போய் எல்லா பிளக்கையும் உருவிப் போடுவார்கள். ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த உபாயத்தை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. பழைய பாயிண்டில் மாமி இரண்டு விரலால் உருவுவார். புதியது அண்ணாச்சி சொன்ன பிடி. மாமி ஒரு கையால் இழுத்தார், வரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றி இழுத்தார். முகத்தட்டு வெளியே வந்தது, பிளக் வரவில்லை. மின்னல் வெட்டியது. “இதையா அத்தனை நாள் ஆராய்ச்சி பண்ணி வாங்கினேள்?” என்று கேட்டுவிட்டு, மாமி நேரே போய் மெயினை அணைத்தார்.