அமைதி சார்

சனிக்கிழமை காலையில் கொடைக்கானல் நாயுடுபுரம் டீக்கடைக்கு ஒருவர் வருவார். வாரத்துக்கு வாரம் ஆள் மாறும், கேள்வி மாறாது. "கூட்டமே வராத, அமைதியான இடம் ஏதாவது இருக்காம்மா?" கடைக்கார அக்கா எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டார்: அமைதி சார்.

தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பச்சை நிறத்தில், பை பையாகத் தைத்த ஜாக்கெட். கழுத்தில் பைனாகுலர், அதன் மூடியை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஏரிப் பக்கம் ரூம் எடுக்க மாட்டார். "அங்கெல்லாம் டூரிஸ்ட்தாம்மா தங்குவான்." தான் யார் என்பது பற்றி அவருக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. குணா குகை என்றால் முகம் சுளிப்பார். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு அங்கே மனுஷன் போவானா என்பார். படத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்திருப்பார்.

அதே ஆண்டு மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலையேற இ-பாஸ் வந்ததல்லவா? அதை மனதார வரவேற்றவர் அவர்தான். "இன்னும் கண்டிப்பா இருக்கணும். கண்டவனையும் ஏத்திவிடக் கூடாது." சாவடியில் தன் பாஸைப் போனில் தேடிக்கொண்டு பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்தி வைத்தது தனிக் கதை.

அடுத்த கேள்வி, "நேஷனல் பார்க் கேட் எந்தப் பக்கம்?" பழனி மலைத் தேசியப் பூங்கா என்று எங்கோ படித்துவிட்டு வந்திருப்பார். அப்படியொரு யோசனை வெகுநாள் பேச்சில் இருந்தது. கடைசியில் 2013-ல் அரசு அறிவித்தது கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் வேலி போட்டு வாசலில் கேட் வைக்கிற சமாச்சாரம் அல்ல. பேரிஜம் ஏரி வரை போகலாம் என்றால் வனத்துறை பர்மிட் வேண்டும்; யானை வந்து நின்றுவிட்டால் அதுவும் கிடையாது.

"இவ்வளவு காட்டை வச்சுக்கிட்டு உள்ள விடமாட்டேங்கிறானே!" என்று பொருமுவார்.

"விடாததாலதான் சார் அமைதியா இருக்கு" என்பார் அக்கா, டீயை ஆற்றியபடி. அது அவர் காதில் விழாது.

விடாக்கண்டராக இருந்தால் அடுத்து பாம்பாடும் சோலையைப் பிடிப்பார். கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. 2003-ல் அறிவித்தது, ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பெயர் கேள்விப்பட்டவர்கள் குறைவு என்பதே அவருக்குப் போதும். மேப்பில் பார்த்தால் பேரிஜத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் மூணாறுக்குப் போன பழைய எஸ்கேப் ரோடு காட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஒழுங்காகப் போவதென்றால் வத்தலகுண்டில் இறங்கி, தேனி, போடி வழியாக மூணாறு ஏறி, வட்டவடைப் பக்கம் திரும்ப வேண்டும். "உங்களுக்குத் தெரிஞ்ச ஃபாரஸ்ட் ஆள் யாராவது..." என்று குரலைத் தணிப்பார். அன்று முழுக்க அவர் குரல் தணிந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

போன வாரம் இப்படிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, காய்கறிக் கடை ஓரத்தில் கொட்டிக் கிடந்த முட்டைக்கோஸ் இலைக்கு ஒரு காட்டுமாடு வந்து நின்றது. டன் கணக்கில் எடை, முழங்காலுக்குக் கீழே வெள்ளை, பளபளவென்று கறுத்த முதுகு. ஸ்கூட்டரில் வந்த பையன் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தான். "சார், அசையாம நில்லுங்க" என்றார் அக்கா.

அமைதி சார் திரும்பிப் பார்த்தார். "ஓ, இதுவா? இது ஊருக்குள்ள வர்றதும்மா. எல்லாரும் எடுத்துப் போட்டுட்டாங்க. எனக்கு ஒரிஜினலா காட்டுல நிக்கிறது வேணும்."

மாடு அந்தக் காட்டிலிருந்துதான் இறங்கி வந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனால் பிறர் கண் பட்ட மாடு அவருக்கு ஆகாது. இவருக்குக் கூட்டத்தின் மேல் கோபம் என்று நாம்தான் தப்பாக நினைத்துக்கொள்கிறோம். தனக்கு முன்னால் ஒருத்தன் போய்விட்டான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

முன்பொரு அமைதி சார் வில்பட்டிப் பக்கம் ஓர் ஓடையைக் கண்டுபிடித்தார். (ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற ஓடை. கண்டுபிடிப்பு என்பது அவர் கணக்கு.) படத்தைப் போட்டு, 'இடம் சொல்ல மாட்டேன், கெடுத்துவிடுவீர்கள்' என்று எழுதினார். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக, 'உங்களுக்கு மட்டும்' என்று லொகேஷன் அனுப்பினார். அடுத்த மாதம் கடை வாசலில் கார் வரிசை கட்டியது; காருக்கு ஓர் அமைதி சார். அக்காவுக்கு வடை போதவில்லை. அந்த வகையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வாரம் வந்தவர் கொஞ்சம் பிடிவாதக்காரர். ரெண்டாவது டீயும் குடித்துவிட்டு, நகராமல் நின்றார். அக்காவுக்கோ வியாபார நேரம்.

"ஆளே இல்லாத இடம்தானே சார்? மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம ரேஷன் கடைப் பக்கம் போய்ப் பாருங்க. சரக்கு வரலைன்னு தெரிஞ்சா ஒரு ஈ காக்கா இருக்காது."

அமைதி சார் ஜாக்கெட்டின் ஏதோ ஒரு பையிலிருந்து நோட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்: "இதை வேற யார்கிட்டயும் சொல்லலையே?"