சீட்டுக்கு எண்ணெய்க் குளியலா?

கேள்வி: காரின் லெதர் சீட் மங்கிவிட்டது. மாமியார் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார், மெக்கானிக் விலை உயர்ந்த கண்டிஷனர் வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், ராஜகீழ்ப்பாக்கம்

பதில்: மாமியார் பேச்சைத் தட்டச் சொன்ன பாவம் எனக்கு வேண்டாம். எண்ணெயைத் தடவுங்கள், உங்கள் தலையில். சீட்டில் தடவினால் காம்ப் ரோட்டுப் புழுதி முழுக்க அங்கேயே குடியேறிவிடும்.

குரோம் லெதர் கம்பெனி பெயர் கொடுத்த குரோம்பேட்டையும், 1948 முதல் தோலை ஆராயும் அடையாறு நிறுவனமும் பக்கத்திலேயே இருக்க, என்னைக் கேட்கிறீர்களே!

முதலில் அது தோல்தானா? பல கார்களில் 'லெதர்' என்று விற்பது ரெக்சினின் நாகரிகத் தம்பி. அதற்கு ஈரத்துணி போதும். அசல் தோலிலும் பெரும்பாலும் மேலே பாலியுரிதேன் பூச்சு உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, கண்டிஷனர் உள்ளே அதிகம் இறங்காது. உறிஞ்சினால் பூச்சில்லாத தோல், அதற்குக் கொஞ்சம் கண்டிஷனர் தேவை.

பாதி மங்கல் வியர்வையும் அழுக்கும்தான். தையல் இடுக்குத் தூசியை வேக்குவம் போட்டு எடுங்கள். லெதர் கிளீனரைத் துணியில் விட்டு மெல்லத் துடையுங்கள். துளை போட்ட சீட்டில் நேராக ஊற்றாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, காரம் அதற்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் காயாமல் கதவை மூடினால் பூஞ்சை வரும்.

துடைத்த பிறகும் வெளிறியே இருந்தால் போனது நிறம். அதற்கு மாமியாரும் மெக்கானிக்கும் உதவ மாட்டார்கள், சீட்டுக்கு நிறம் பூசுகிறவரைப் பாருங்கள்.