பெரட்டுக்கு வராத வொலியூம்கள்: ஒரு தெமோதரை ஆய்வு

லினக்ஸ் கணினியை எழுப்பினால் அதன் எல்விஎம் வொலியூம்களும் கூடவே எழும்ப வேண்டும். சில எழும்புவதில்லை. ஏன்? இவ்வினாவை ஆராய்ந்த எவரும் இலங்கை மலையகத்தின் தெமோதரை ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்ததில்லை. இத்துறையின் தேக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1. வரைவிலக்கணம்

பல டிஸ்க்குகளை ஒரு குழுவாகச் சேர்த்து, அக்குழுவை வேண்டியபடி கூறு போடுவது எல்விஎம். ஒவ்வொரு கூறும் ஒரு வொலியூம். தூங்கும் வொலியூமை 'எல்விஸ்கேன்' இன்ஆக்டிவ் என்று காட்டும். தேயிலைத் தோட்டத்துத் தமிழில்: பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, வரவில்லை.

எல்விஎம் தமிழன் கண்டது என்று நாம் கூறவில்லை. அதைக் கூற வேறு மாநாடுகள் இருக்கின்றன. லினக்ஸுக்கு 1998இல் அதை எழுதியவர் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன்.

2. தூக்கத்தின் வகைகள்

அ. கேபிள் கழன்றது. செருகுக.

ஆ. குழுவில் ஒரு டிஸ்க் வந்து சேரவில்லை. இன்றைய எல்விஎம் முழுக் குழுவும் வரும்வரை தானாக எழுப்பாது. அரைநாளுக்கு அரைப்பேர் கிடையாது (சான்று: பெரட்டுக்களத் தூண், கீழிருந்து இரண்டாம் கீறல்).

இ. செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப்பதிவேட்டில், பேர் இல்லை. இது விரியும்.

3. செக்ரோல் கோட்பாடு

'எல்விஎம்.கொன்ஃப்' கோப்பில் தானாக எழும்ப வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று வைக்கலாம். பட்டியலே வைக்காவிட்டால் எல்லோருக்கும் பேர். வைத்தால் அதில் உள்ளவர்களுக்கு மட்டும். வெறும் பட்டியல் வைத்தால் ஒருவருக்கும் இல்லை. இதைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார் முன்பே அறிந்திருந்தனர் (சான்று: பழைய செக்ரோலின் பின்னட்டை, கரையான் தின்ற பகுதி, தின்னாத பகுதி இதை மறுக்கவில்லை).

என் கணினியில் டெபியன். தாய் (ரூட்) வொலியூமின் பேரைப் பட்டியலில் ஓரெழுத்துப் பிழையாக எழுதினேன். அடுத்து கேர்னலைப் புதுப்பித்தேன். மறுநாள் கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ஒரே சொல், பக்கத்தில் கண் சிமிட்டும் கோடு. 'எல்விஎம் வீஜிசேஞ்ச் -ஏவை' என்று கையால் பெரட்டுத் தப்பு அடித்தேன், 'எக்ஸிட்' சொன்னேன், எழும்பியது. பிழையைத் திருத்தினேன். மறுநாளும் அதே சொல், அதே சிமிட்டல்.

4. சுரங்கக் கோட்பாடு

பதுளையிலிருந்து ஏறிவரும் ரயில் முதலில் தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. மலையைச் சுற்றி ஏறிய பிறகே அதே ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. கணினி எழும்புவதும் இப்படித்தான். தாய் வொலியூம் எழும்புமுன் அதிலுள்ள கோப்பை வாசிக்க முடியாது. ஆகவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சுரங்கத்துக்குள் அந்தக் கோப்பின் படி ஒன்று இருக்கிறது. நான் திருத்தியது மேலே ஸ்டேஷனில், ரயில் வாசித்தது கீழே சுரங்கத்தில், கேர்னலோடு படியெடுக்கப்பட்ட பிழையை (சான்று: ஸ்டேஷன் வாங்கில் தேநீர்க் கிளாஸ் பதித்த மூன்று வளையங்கள், நடு வளையம் மழையில் அழிந்தது, ஆயினும் அதுவே வலுவான சான்று, அதை மறுப்போர் முதலில் வாங்கின் மற்ற முனையில் அமர்ந்து பார்க்க வேண்டும்).

இந்த வளையப் பாதையின் யோசனை, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத் தோன்றியது என்பது இங்கே வழங்கும் கதை. ஆய்வாளர்கள் தலைப்பாகை எத்தனை சுற்று என்று கேட்பார்கள். கங்காணியின் பேரை யாரும் கேட்கவில்லை. அவரும் செக்ரோலில் விடுபட்டவர்தான்.

5. முடிபு

கோப்பைத் திருத்தியதும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' அடியுங்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும். ஒரு வரியில் முடித்திருந்தால் இதை ஆய்வு என்று யார் ஒப்புக்கொள்வார்?