துணைநூல்காரர்

மிகுபுனைவு நாவலைப் படிப்பவர் ஒரு வகை. அதைப் படிக்க எந்தத் துணைநூலை வாங்கினால் தேவலை என்று ஆராய்ந்துகொண்டே இருப்பவர் இன்னொரு வகை. இந்த இரண்டாமவரைத் துணைநூல்காரர் என்று அழைத்தால் அவரே சந்தோஷப்படுவார். எந்த ஊரில் பிறந்திருந்தாலும் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் படைத்த மிடில்-எர்த்துக்குத்தான் அவர் குடிமகன். ஆங்கிலப் புத்தகக் கடைகளில் இரண்டு தடித்த நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி, பழைய பேப்பர் எடைக்குப் போட வந்தவர்போல் நின்றுகொண்டிருப்பார். முன்னுரையைப் புரட்ட மாட்டார். நூல் எந்த ஆண்டு வந்தது என்றும் பார்க்க மாட்டார். நேராக 'பால்ராக்' என்ற பதிவுக்குப் போவார். நெருப்பும் நிழலுமான அந்த அரக்கனுக்குச் சிறகு உண்டா, இல்லையா? 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் மோரியாக் காட்சியில், அரக்கனைச் சுற்றியிருந்த நிழல் இரண்டு பெரிய சிறகுகளைப்போல் விரிந்ததாக முதலில் வருகிறது. சற்றுத் தள்ளி, சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்ததாக வருகிறது. முதலில் சொன்ன உவமையின் தொடர்ச்சிதான் பின்னால் வருவதும் என்பது ஒரு கட்சி. இரண்டாம் இடத்தில் 'போல' இல்லையே, ஆகவே சிறகு நிஜம் என்பது எதிர்க்கட்சி. நம்மவர் எந்தக் கட்சியோ அதில் துணைநூலும் சேர்ந்திருந்தால் அது ஆதாரபூர்வமான நூல். சேராவிட்டால் அவசரத்தில் எழுதிய நூல். தேர்வு முடிந்தது.

வழி கேட்க வந்தவரைப்போல் தெரிந்தாலும் அவர் தேடுவது ஒரு நீதிபதியைத்தான், அதுவும் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதி வைத்திருக்கும் நீதிபதியை. கற்பனை உலகத்தில் அப்படி ஒருவர் உட்கார இடமே இல்லை என்பது என் வாதம். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்கு ஒரு கையேடு போட்டு, அதில் ஒரு தெரு தவறாக இருந்தால் போய்ப் பார்த்துத் திருத்திவிடலாம். மிடில்-எர்த்துக்கு ரயில் கிடையாது. அங்கே சாட்சி சொல்லக்கூடியவை ஆசிரியரின் தாள்கள் மட்டும். அந்த ஆசிரியரோ 1973இல் சாகும்வரை அடித்து அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தவர். 1937இல் வந்த 'ஹாபிட்' முதற்பதிப்பில் கோலம் என்ற பிராணி, புதிர்ப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைத் தருவதாக மனமார ஒப்புக்கொள்கிறது. அடுத்த நாவலில் அதே மோதிரம் உலகத்தையே அடிமைப்படுத்தக்கூடிய மோதிரமாக வளர்ந்துவிட்டதால் இந்தத் தாராளம் பொருந்தவில்லை. 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார் டோல்கீன். பழைய வடிவத்தை என்ன செய்வது? அது கதாநாயகன் பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே கணக்கு எழுதிவிட்டார். ஆசிரியரின் பழைய வரைவு பாத்திரத்தின் புளுகாக மாறிவிடும் உலகத்தில், துணைநூல் எதை 'உண்மை' என்று பதிவது?

இந்தக் குழப்பம் ஹாபிட்டோடு போகவில்லை. 1977இல், டோல்கீன் இறந்த பிறகு, மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து வெளியிட்ட 'சில்மரில்லியன்' நூலில் பால்ராக்குகள் படையாகவே திரண்டு வருகின்றன. 1993இல் வந்த 'மார்காத்ஸ் ரிங்' தொகுதியைப் பார்த்தால், மூன்று, மிஞ்சிப்போனால் ஏழு பால்ராக்குகளுக்குமேல் இருந்ததாகவே கொள்ளக்கூடாது என்று டோல்கீன் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஒரு படையை ஓரக்குறிப்பாலேயே கலைத்த தளபதி வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. கில்-கலாட் என்ற எல்ஃப் மன்னன் கதை இன்னும் விசேஷம். சில்மரில்லியன் அவனை ஃபிங்கோனின் மகன் என்கிறது. அது அப்பாவின் முடிவான எண்ணம் இல்லை என்றும், அவன் தகப்பன் யார் என்பதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்றும் கிறிஸ்டோஃபரே பின்னாளில் எழுதினார். கடைசியாகக் கிடைத்த தாள்களின்படி அவன் ஒரோட்ரெத்தின் மகன். நம் துணைநூல்காரர் 1978இல் வந்த ஒரு துணைநூலை நம்பிக் கில்-கலாடின் வம்சாவளியை மனப்பாடம் செய்து, நாலு பேர் முன்னால் ஒப்பித்து, பிறகு 1996இல் வெளிவந்த டோல்கீன் தாள்களின் தொகுதியைப் படித்த ஒரு பொடியனிடம் மாட்டிக்கொள்ளும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அன்று இரவே அவர் இன்னொரு துணைநூல் வாங்குவார்.

ஆகவே துணைநூலைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த ஆண்டுப் பிறவி என்பதை. ஜே.ஈ.ஏ. டைலரின் 'டோல்கீன் கம்பேனியன்' 1976இல் வந்தது. அடுத்த வருஷமே சில்மரில்லியன் வந்து, நாவல்களுக்கு முந்தைய யுகங்கள் மொத்தத்தையும் வாசகர் முன் கொட்டிவிட்டது. பாவம், 1979இல் 'புதிய' என்று முன்னால் ஒட்டி மறுபடியும் போட வேண்டியதாயிற்று. ராபர்ட் ஃபாஸ்டர் 1971இல் சிறிய கையேடு ஒன்று போட்டவர்; சில்மரில்லியன் வந்த பிறகு, 1978இல் 'தி கம்ப்ளீட் கைடு டு மிடில்-எர்த்' என்று விரித்தார். 'முழுமை' எத்தனை நாள் தாங்கிற்று? 1980இல் 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' வந்து, நீல அங்கி மந்திரவாதிகள் இருவருக்கு அலட்டார், பல்லாண்டோ என்று பெயரே வைத்துவிட்டது. அதன்பின் 1983 முதல் 1996 வரை 'ஹிஸ்டரி ஆஃப் மிடில்-எர்த்' பன்னிரண்டு தொகுதிகள். 2021இல்கூட 'நேச்சர் ஆஃப் மிடில்-எர்த்' என்று இன்னொன்று. இறந்து அரை நூற்றாண்டு ஆகப்போகும்போதும் புதிய நூல் வெளியிட்ட ஆசிரியருக்கு எவர் முழுமையான கையேடு எழுத முடியும்? அட்டையில் எது போட்டிருந்தாலும், ஒவ்வொரு துணைநூலும் அந்தந்த ஆண்டு நிலவரம்தான்.

அப்படியானால் ஃபாஸ்டர் காலாவதியானவரா என்று துணைநூல்காரர் ஆவலோடு கேட்பார். புதிதாக ஒன்று வாங்கக் காரணம் கிடைக்குமே. இல்லை என்பதே பதில். ஃபாஸ்டர் தம் பதிவுகளின் அடியில், இந்தச் செய்தி எந்த நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எண் கொடுக்கிறார். 'நான் சொல்கிறேன், நம்பு' என்பதில்லை. 'அங்கே இருக்கிறது, போய்ப் பார்' என்கிறார். தவறாகவே இருந்தாலும் எந்தத் தாளிலிருந்து அந்தத் தவறு வந்தது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். கிறிஸ்டோஃபர் டோல்கீனே 'புக் ஆஃப் லாஸ்ட் டேல்ஸ்' முன்னுரையில், தாமும் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நூல் என்று ஃபாஸ்டரைப் பாராட்டியிருக்கிறார். கருவூலத்துச் சாவியை இடுப்பில் வைத்திருந்தவரே புரட்டிய நூலுக்கு வேறு சிபாரிசு தேவையில்லை. ஆனால் துணைநூல்காரர் இந்தப் பக்க எண்களை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது தனிக் கதை. தம்மிடம் உள்ள நாவல் பதிப்பின் பக்கங்களோடு அவை ஒத்துவராதது அவருக்குத் தெரியவரும். உடனே, துணைநூலுக்கு ஏற்ற நாவல் பதிப்பைத் தேடிக் கிளம்புவார். செருப்புக்கு ஏற்றபடி காலைச் செதுக்குகிற கதைதான்.

தடிமனைப் பார்த்து ஏமாறுவதும் இவருக்கு வழக்கம். கிறிஸ்டினா ஸ்கல்லும் வெய்ன் ஹேமண்டும் 2006இல் இரண்டு தொகுதிகளாகவும் 2017இல் மூன்று தொகுதிகளாகவும் வெளியிட்ட பெரிய துணைநூல் ஒன்று உண்டு. பெட்டியோடு வாங்கி வந்து ஆசையாகப் பிரிப்பார். ஒரு தொகுதி முழுக்க, டோல்கீன் எந்தத் தேதியில் எங்கே இருந்தார், எந்தப் பல்கலைக்கழகக் கூட்டத்துக்குப் போனார் என்ற நாள்வரிசை! மற்றவற்றில் அவர் வாழ்ந்த ஊர்கள், நண்பர்கள், நூல்கள் பிறந்த வரலாறு. மிடில்-எர்த்தின் மன்னர்களை அகரவரிசையில் தேடி வந்தவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்கள்தான் கிடைப்பார்கள். மிக உயர்ந்த ஆய்வு நூல் அது, ஆனால் அதன் பொருள் ஆசிரியர். அவர் படைத்த உலகம் அல்ல. அதற்கு எதிர்க்கோடியில் இருப்பவை படங்கள் நிறைந்த நூல்கள். டேவிட் டேயின் 'டோல்கீன் பெஸ்டியரி' 1979இல் வந்தது, பார்க்க அழகு. டோல்கீன் எழுதியது எங்கே முடிகிறது, டேயின் சொந்தச் சரக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்பது ரசிகர்கள் அதன்மேல் வைக்கும் குற்றச்சாட்டு. விநோதம் என்னவென்றால், துணைநூல்காரர் இந்தக் குற்றச்சாட்டை உரக்கச் சொல்வார், படங்களுக்காக நூலையும் வைத்திருப்பார்.

இவரை ஏன் இப்படி வாரவேண்டும், இது யாருக்கும் தீங்கில்லாத பொழுதுபோக்குதானே, டோல்கீனே இப்படிப்பட்டவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1944இல், கதையில் நிலவு ஓரிடத்தில் உதிக்கும்போதே இன்னோரிடத்தில் மறைகிறது என்று கண்டு அத்தியாயங்களைத் திருத்தியவர் அவர். 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் தொகுதியில் பெயர்ப் பட்டியல் ஒன்று தருவதாக அறிவித்தார்; 1955 அக்டோபரில் மூன்றாம் தொகுதி வந்தபோது பட்டியல் தயாராகவில்லை, பதிப்பகம் வருத்தம் தெரிவித்துக் குறிப்புப் போட்டது. முதல் துணைநூல்காரர் டோல்கீன்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் பதிப்பாளர் ரேனர் அன்வினுக்கு எழுதிய கடிதத்தில், பின்னிணைப்புகளைத் தருவதாக ஏன்தான் வாக்களித்தோமோ என்று நொந்துகொள்கிறார். எல்லாவற்றையும் ஒரு மாபெரும் விளையாட்டாக்கிக்கொள்ளும் இந்தப் போக்கு நல்லதுதானா என்றும், தமக்கே அதில் ஆபத்தான அளவு மயக்கம் உண்டு என்றும் சொல்கிறார். விளையாட்டைக் கண்டுபிடித்தவரே அதன் போதையை எச்சரித்திருக்கும்போது நாம் கொஞ்சம் காதுகொடுப்பதில் தவறில்லை. தவிர, டோல்கீன் நிலவைத் திருத்தியது கதை நடக்க வேண்டும் என்பதற்காக. நம்மவருக்கு எல்லாம் ஒரு முடிவுக்கு வந்து தீர்ப்பு எழுதப்பட வேண்டும். அந்த நாவலில் வரும் டாம் பாம்படில் யார் என்பதைப் புதிராக விட்டது வேண்டுமென்றேதான் என்று ஆசிரியரே சொன்ன பிறகும், அவர் யார் என்று துணைநூலில் தேடுகிறவரை என்ன செய்வது?

ஆசிரியரே மேற்பார்வையிட்ட நூலை வாங்கினால் இந்தத் தொல்லை தீராதா என்பது அடுத்த வாதம். தீராது. இன்னொரு மிகுபுனைவு உலகத்தைப் படைத்த ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், வேறு இருவரோடு சேர்ந்து 2014இல் வெளியிட்ட 'தி வேர்ல்டு ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நூலைப் பாருங்கள். அந்த உலகத்து அறிஞர் ஒருவரே எழுதியதுபோல் அமைத்திருக்கிறார்கள். அரியணையில் ஆள் மாற மாற, அர்ப்பணிப்புப் பக்கத்தில் மன்னர் பெயரும் அடித்து மாற்றப்பட்டிருக்கும். ஆட்சியில் இருப்பவரைப் பகைத்துக்கொள்ளாத அரசவை அறிஞர் சொன்னதில் எது மெய், எது முகத்துதி என்று வாசகர்தான் பிரித்தெடுக்க வேண்டும். அதிகாரபூர்வ நூல் வாங்கித் தீர்ப்புக் கேட்கப் போனவருக்கு இன்னொரு வழக்குக் கட்டுத்தான் கிடைத்தது.

அதற்காகத் துணைநூலே வேண்டாம் என்று துறவறம் பூண வேண்டியதில்லை. சில்மரில்லியனைத் திறந்தால் ஃபின்வே, ஃபேயனோர், ஃபிங்கோல்ஃபின், ஃபினார்ஃபின், ஃபிங்கோன், ஃபின்ராட் என்று ஒரு குடும்பமே ஒரே எழுத்தில் நிற்கிறது. கையில் ஒரு பட்டியல் இல்லாமல் இவர்களில் சித்தப்பா யார், அண்ணன் மகன் யார் என்று பிரிப்பது மனித சாத்தியமில்லை. இடங்களுக்கு கேரன் வின் ஃபான்ஸ்டாட் 1981இல் போட்டு 1991இல் திருத்திய 'அட்லஸ் ஆஃப் மிடில்-எர்த்' இருக்கிறது. மலை, ஆறு, பயணப் பாதை, போர்க்களம் எல்லாவற்றையும் புவியியல் அறிந்த ஒருவர் கதையிலிருந்தே கணக்கிட்டு வரைந்தது. பெயர்களுக்கு ஃபாஸ்டர், இடங்களுக்கு ஃபான்ஸ்டாட். 2022இல் டெட் நேஸ்மித்தின் ஓவியங்களோடு ஃபாஸ்டர் புதுப் பொலிவில் வந்திருக்கிறார். படம் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள், பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும். கில்-கலாட் பதிவின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். ஃபாஸ்டரும் ஃபான்ஸ்டாடும் ஏற்கெனவே அலமாரியில் இருந்தால் மூன்றாவதற்குக் கடை ஏறாதீர்கள். நாவலைப் படிக்க உட்காருங்கள்.