சரக்கு இங்கிருந்துதான் போனது

கேள்வி: சீனப் பட்டாசு கள்ளத்தனமாக வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது. ஆங்கிலம் கற்பதிலும் சீனாக்காரன் நம்மை முந்திவிடுவானோ? (ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: முந்தினாலும் வயிற்றெரிச்சல் வேண்டாம், அவன் வெடியில் நம் ஊர் மருந்தும் கொஞ்சம் உண்டு. 1862-ல் பெய்ஜிங்கில் அரசு மொழிப்பள்ளி தொடங்கிய காலம்முதல் அங்கே பெரும்பாலும் இலக்கணம், மொழிபெயர்ப்பு, மனப்பாடம்தான். 2001-ல் வந்த புதிய பாடத்திட்டம், மாணவருக்கு ஒரு வேலையைக் கொடுத்து அதன் வழியே மொழியைக் கற்பிக்கச் சொன்னது. அந்த முறையை 1979 முதல் 1984 வரை நம் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் சோதித்தவர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு. பெயர்தான் பெங்களூர்த் திட்டம். சென்னை, கடலூர் வகுப்பறைகளும் அதில் இருந்தன. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டி எப்போது கிளம்பும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். பையன் விடை தேடுவதில் மும்முரமாக இருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே இறங்கிவிடும் என்பது பிரபுவின் வாதம்.

'சீனா பிரபுவைப் பார்த்தா காப்பியடித்தது?' என்று கேட்கலாம். நேராக இல்லை, மேலைநாட்டு அறிஞர்கள் பலர் வளர்த்தெடுத்த பிறகே போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரபுவைத் தாண்டிப் போவது அபூர்வம். 'அப்படியானால் சீனர்கள் எல்லோரும் சரளமாகப் பேச வேண்டுமே?' அங்கேயும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு குறுக்கே நிற்கிறது. மதிப்பெண் என்றதும் பல வாத்தியார்கள் பழைய மனப்பாடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். இதில் இரு நாடும் பங்காளிகள். நம்மூர்ப் பையனோ, நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்னால், கைடில் இருக்கும் யாரோ ஒருவனின் நண்பனுக்கு எழுதிவிட்டு வருகிறான். அந்த கைடு உங்கள் ஊர் அச்சகத்தில் அடித்ததாக இருந்தால் என்மேல் கோபப்படாதீர்கள்.