இடித்தவரே கட்டிய பப்

கேள்வி: லண்டனில் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் மூடிப்போன பப்களைப் பற்றித்தான் பேச்சாமே? குடிக்க வேறு இடமா இல்லை?

பதில்: இடம் இருக்கிறது, ஆனால் அங்கே உட்கார்ந்து பழைய பப்பைப் பற்றித்தானே பேச முடியும்! சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு. 2007-இல் புகைபிடிக்கத் தடை வேறு வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் மனை விலை. பீர் விற்பதைவிட ஃபிளாட் விற்றால் லாபம்.

புலம்பல் பலித்த கதையும் உண்டு. கில்பர்ன் பக்கம் கார்ல்டன் டேவர்ன் என்றொரு பப். 2015 ஏப்ரலில் அதன் உரிமையாளர்கள் அனுமதி வாங்காமலே இடித்துத் தள்ளிவிட்டார்கள். பேட்டைக்காரர்கள் விடுவார்களா? வம்பு வரும் என்று மோப்பம் பிடித்து, பாரம்பரியச் சின்னத் துறையிடம் சொல்லி ஓடுகளுக்கு அச்சும் படமும் முன்கூட்டியே எடுக்கவைத்திருந்தார்கள். ‘இடித்தவரே செங்கல் மாறாமல் திரும்பக் கட்டித் தர வேண்டும்’ என்று உத்தரவானது. கட்டினார்கள்! நம்மூரில் ஆக்கிரமிப்பை இடிக்கவே ஆள் வராது.

2021 ஏப்ரலில் கதவு திறந்தது. உள்ளே ஒவ்வொரு ஓடும் அச்சு அசல். ஆனால் கொரோனா கட்டுப்பாடு. அத்தனை பேரும் வெளியே உட்கார்ந்துதான் குடித்தார்கள்.