மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு?

கே: என் கணவர் அமெரிக்கக் குடிமகன். அங்கே படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கிறார். என் குடியேற்ற விசாவுக்கு அவர் வருமானம் போதாதாம். அப்பா என் பெயரில் எழுதிவைத்த வீடு உதவுமா?
- வாசகி, திருச்சி.

ப: உதவும். மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று பெண் வீட்டார் விசாரிப்பதுதான் வழக்கம். இங்கே அமெரிக்க அரசே விசாரிக்கிறது! ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்தின்படி, குடும்பத்தின் ஆள் கணக்குக்கு உரிய வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீத வருமானமாவது அவருக்கு இருக்க வேண்டும்.

குறைந்தால் சொத்தைக் காட்டலாம். குடிமகனின் மனைவி என்பதால், குறைகிற தொகையைப்போல் மூன்று மடங்கு போதும். 8,000 டாலர் குறைந்தால் 24,000 டாலர் மதிப்பு. கடன் போக மிஞ்சும் மதிப்பே கணக்கு. வீடு ஓராண்டுக்குள் பணமாகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பத்திரம், வில்லங்கச் சான்று, மதிப்பீட்டாளர் அறிக்கை மூன்றையும் தயாராக வையுங்கள்.

வீடு போதாவிட்டால், அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு பெற்றவரோ கூட்டுப் பொறுப்பேற்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. அப்போதும் உங்கள் கணவர் தம் ஐ-864 பத்திரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பொறுப்பேற்பவரிடம் ஒன்றை மறைக்காதீர்கள்: விவாகரத்தானாலும் இந்தப் பொறுப்பு தீராது. நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது ஏறக்குறைய பத்தாண்டு வேலை செய்த கணக்கு சேரும்வரை பொதுவாக நீடிக்கும்.

சம்பளம் குறைவு என்பதால் தம்பதி பிரிந்திருப்பது கொடுமை; வழி இருப்பது தெரியாமல் பிரிந்திருப்பது அதைவிடக் கொடுமை. இன்றே வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுங்கள்!